பழைய சிட்காமின் அசட்டு எபிசோடை ரசிகர்கள் கூடி அலசுவது எப்படி? லூசியின் சாக்லேட் தொழிற்சாலையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

'ஐ லவ் லூசி' என்ற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தச் சாக்லேட் தொழிற்சாலையில்தான் போய் நிற்கும். ஒருவர் கன்னத்தை உப்பிக்கொண்டு லூசி மாதிரி முழிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். "அது மாதிரி இன்னொண்ணு வரவே இல்லப்பா" என்று யாராவது சொல்வார்கள். அத்தோடு சரி, பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அது அங்கே முடிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. அசட்டுத்தனமான எபிசோட் என்றால் யோசிக்காமல் எழுதியது என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணீர் வரவழைக்கும் ஒரு காட்சியை எழுதுவதைவிட இதற்குக் கணக்கு அதிகம் வேண்டும். ஒரு விஷயம் அரை நொடி முன்னால் வந்தாலோ, ஒரு பொருள் தப்பான இடத்தில் இருந்தாலோ சிரிப்பு வராது. அந்தக் கணக்கைக் கூடி உட்கார்ந்து கண்டுபிடிப்பதில்தான் ரசிகர்களுக்கு நிஜமான சுகம் இருக்கிறது. அலசினால் சிரிப்பு போய்விடுமோ என்று தயங்க வேண்டாம். நல்ல எபிசோடாக இருந்தால் அடுத்த முறை பார்க்கும்போது கூடுதலாகவே சிரிப்போம்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1951 அக்டோபரிலிருந்து 1957 மே வரை ஓடிய தொடர் இது. மொத்தம் 180 எபிசோடுகள். நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் லூசி ரிக்கார்டோவாக லூசில் பால். கியூபாவிலிருந்து வந்த இசைக்குழுத் தலைவரான கணவர் ரிக்கியாக டெசி ஆர்னாஸ். அப்போது நிஜ வாழ்க்கையிலும் இருவரும் கணவன் மனைவிதான். வீட்டுக்காரத் தம்பதி ஃப்ரெட், எத்தல் மெர்ட்ஸாக வில்லியம் ஃப்ராலியும் விவியன் வான்ஸும். நாம் எடுத்துக்கொள்ளப்போகும் எபிசோடின் பெயர் 'ஜாப் ஸ்விட்சிங்'. இரண்டாவது சீசனின் முதல் எபிசோடாக 1952 செப்டம்பர் 15 அன்று ஒளிபரப்பானது.

படி 1: சரியான எபிசோடைத் தேர்ந்தெடுங்கள்

கதையை ஒரே மூச்சில் சொல்ல முடிகிற எபிசோடாகப் பாருங்கள். "ஆண்கள் வீட்டு வேலை பார்க்கிறார்கள், பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், இரண்டு பக்கமும் சொதப்புகிறது." இதோ முழுக் கதையும் வந்துவிட்டது. இப்படிச் சொல்ல முடியாமல் நான்கைந்து கிளைக்கதைகள் ஓடினால், கூட்டத்தில் பாதி நேரம் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று விளக்குவதிலேயே போய்விடும்.

இன்னொன்று, எபிசோடின் நடுவே ஒரு பொருள் இருக்க வேண்டும். இங்கே சாக்லேட் ஓடிவரும் பெல்ட். ஒரு மனிதரும் ஒரு பொருளும் மல்லுக்கட்டுவதில்தான் அசட்டுத்தனம் நன்றாகப் பிறக்கும். வெறும் வசனச் சிரிப்பை நம்பியிருக்கும் எபிசோடை முதல் கூட்டத்துக்கு வைக்காதீர்கள்.

படி 2: ஆட்களும் ஏற்பாடும்

ஐந்திலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எபிசோடை இதுவரை பார்க்காத ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். ஏற்கெனவே பத்துத் தடவை பார்த்தவர்களுக்கு எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பது தெரியும், ஏன் வருகிறது என்பது மறந்திருக்கும். புதியவரின் முகத்தைப் பார்த்தால் அது திரும்ப ஞாபகத்துக்கு வரும்.

கருப்பு வெள்ளைப் பிரதியையே போடுங்கள். இந்தத் தொடரின் சில எபிசோடுகளுக்குப் பின்னாளில் வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் முதல் பார்வைக்கு வேண்டாம். வெளிச்சமும் செட்டும் கருப்பு வெள்ளைக்காகவே அமைக்கப்பட்டவை. ரிக்கி கோபத்தில் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளும்போது யாரும் புரியாமல் கவலைப்படத் தேவையில்லை. அவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

படி 3: முதல் தடவை சும்மா பாருங்கள்

நிறுத்தாமல், பேசாமல். எபிசோட் அரை மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, வாய்விட்டுச் சிரித்த இடங்களை மட்டும் ஒரு வார்த்தையில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். "ஈ", "தொப்பி", "அரிசி" என்று ஒற்றைச் சொல் போதும். விமர்சனம் எழுத ஆரம்பித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

முடிந்ததும் காகிதங்களை ஒன்றாகப் பரப்புங்கள். எல்லோரும் குறித்த இடங்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஒரே ஒருவர் மட்டும் குறித்த இடத்தை எடுத்து, "இங்க என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடிக்கும்.

படி 4: கதையை "அதனால்" போட்டுச் சொல்லிப் பாருங்கள்

ஒருவர் கதையைச் சொல்லட்டும், ஒரே நிபந்தனையோடு: இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே "அப்புறம்" வரக் கூடாது, "அதனால்" மட்டுமே வரலாம்.

லூசி வங்கிக் கணக்கில் இருப்பதைவிட அதிகமாகச் செலவு செய்துவிடுகிறாள். காசோலையின் பின்பக்கத்தில், அடுத்த மாதம் வரை இதைக் கணக்கில் போடாதீர்கள் என்று வங்கி ஊழியருக்குக் கொஞ்சிக் கெஞ்சி ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறாள். அதனால் ரிக்கி வெடிக்கிறார். அதனால் சம்பாதிப்பது கஷ்டமா, வீட்டைப் பார்த்துக்கொள்வது கஷ்டமா என்று நாலு பேருக்கும் சண்டை வருகிறது. அதனால் ஒரு வாரத்துக்கு வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். லூசிக்கும் எத்தலுக்கும் தெரிந்த தொழில் எதுவும் இல்லை. அதனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டியல் படிக்கப் படிக்க முழிக்கிறார்கள். மிட்டாய் செய்கிறவர்கள் வேண்டும் என்று வந்ததும், நாங்கள் அதேதான் என்று ஒட்டிக்கொள்கிறார்கள்.

எங்கேயாவது "அதனால்" ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் கையைத் தூக்கச் சொல்லுங்கள். இந்த எபிசோடில் அப்படி ஒரு இடம் கிடைப்பது கடினம். பைத்தியக்காரத்தனமான காட்சிக்கு நாம் போய்ச் சேரும் பாதையில் ஒவ்வொரு அடியும் நியாயமாக இருக்கிறது. அடித்தளம் இவ்வளவு கெட்டியாக இருப்பதால்தான் மேலே எவ்வளவு ஆட்டம் போட்டாலும் நாம் நம்புகிறோம்.

படி 5: பெல்ட் காட்சியைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ரிமோட் ஒருவர் கையில் இருக்கட்டும். காட்சியை ஐந்து இடத்தில் நிறுத்துங்கள்.

முதல் நிறுத்தம், மேற்பார்வையாளர் விதியைச் சொல்லும் இடம். எல்வியா ஆல்மன் நடித்த அந்தக் கண்டிப்பான பெண்மணி தெளிவாகச் சொல்கிறார்: ஒரே ஒரு சாக்லேட் காகிதம் சுற்றாமல் அடுத்த அறைக்குப் போனாலும் இருவருக்கும் வேலை போய்விடும். வேறு வேறு பிரிவுகளில் சொதப்பிவிட்டு வந்த இருவருக்கும் இதுதான் கடைசி வாய்ப்பு. எத்தல் பெட்டியில் அடுக்கும் பிரிவிலிருந்து துரத்தப்பட்டவள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒவ்வொரு சாக்லேட்டாகக் கிள்ளிப் பார்த்திருக்கிறாள். விதி ஒன்றே ஒன்று, அதுவும் சின்னக் குழந்தைக்கும் புரிகிற விதி. இனி வரும் ஒவ்வொரு சாக்லேட்டும் நமக்குப் பதற்றம் தரும்.

இரண்டாவது நிறுத்தம், பெல்ட் மெதுவாக ஓடும்போது. இங்கே யாரும் அவ்வளவாகச் சிரிப்பதில்லை, அவசரப்பட்டு ஓட்டிவிடத் தோன்றும். ஓட்டாதீர்கள். இருவரும் நிதானமாக எடுத்து, சுற்றி, வைக்கிறார்கள். இது சுலபம் என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். சரியாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதை நம் கண்ணுக்குப் பழக்கிவிடுகிறார்கள். இந்தச் சில நொடிகளை வெட்டிவிட்டால் பின்னால் வருவது வெறும் அமளியாகத்தான் தெரியும்.

மூன்றாவது, கை தோற்கும் இடம். பெல்ட் வேகமெடுக்கிறது. சுற்றாததை ஒதுக்கி வைக்கிறார்கள், இடம் போதவில்லை. வாயில் போடுகிறார்கள். வாய் நிறைகிறது. சட்டைக்குள் போகிறது. இங்கே லூசில் பாலின் கைகளைப் பார்க்கச் சொல்லுங்கள், முகத்தை அல்ல. கைகள் கடைசிவரை வேலை செய்ய முயன்றுகொண்டே இருக்கின்றன. அவள் சேட்டை செய்யவில்லை, வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறாள். கோமாளித்தனம் செய்கிறோம் என்று அவள் நமக்குக் கண்ணடித்திருந்தால் இந்தக் காட்சி அன்றே செத்திருக்கும். பிறகு விவியன் வான்ஸைத் தனியாகக் கவனிக்க இன்னொரு முறை ஓட்டுங்கள். எத்தல் லூசியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் செய்கிறாள். துணை நடிப்பு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே புரியும்.

நான்காவது, மேற்பார்வையாளர் திரும்பி வரும் சத்தம். தொப்பியைக் கழற்றி, மிச்சத்தை அதில் அள்ளிப் போட்டு, தலையில் கவிழ்த்துக்கொள்கிறார்கள். கன்னம் இரண்டும் உப்பியிருக்கின்றன, பேச முடியாது.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மேற்பார்வையாளர் பெல்ட்டைப் பார்க்கிறார், ஒன்றும் மிச்சமில்லை. பாராட்டுகிறார். பாராட்டிவிட்டு, வேகத்தைக் கூட்டச் சொல்லி உள்ளே பார்த்துக் கத்துகிறார். அவர்கள் தோற்றுப் பிடிபட்டிருந்தால் சாதாரண முடிவு. ஏமாற்று வேலை ஜெயித்ததால்தான் தண்டனை வருகிறது. நடுங்கவைக்கும் இந்தத் தர்க்கத்தை இரண்டு வரிக்குள் முடித்திருக்கிறார்கள். "வேலையை நல்லா செஞ்சா இன்னும் வேலைதான் தருவாங்க" என்று அலுவலகம் போகிற யாரும் இங்கே சொல்வார்கள். சொல்லட்டும், ஆனால் பேச்சு முழுக்க அவரவர் அலுவலகக் கதையாகிவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

1936-இல் வந்த சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' படத்திலும் பெல்ட்டோடு போராட்டம் உண்டு. ஒப்பிட்டுப் பேச அருமையான இடம். சாப்ளின் தனி ஆள், இயந்திரம் அவரையே விழுங்கிவிடுகிறது. இங்கே இரண்டு தோழிகள். இயந்திரத்தை இவர்கள்தான் விழுங்குகிறார்கள்.

படி 6: கன்னத்தில் அறை விழும் காட்சி

பெல்ட்டுக்கு முன்னால், லூசி சாக்லேட் முக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் ஒரு பெண் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் வேலை செய்துகொண்டிருப்பார். அமாண்டா மில்லிகன் என்ற அவர் நடிகை அல்ல, சாக்லேட் முக்குவதையே தொழிலாகச் செய்தவர். ஒரு ஈ வருகிறது. லூசி அதை அடிக்கப்போய் அந்தப் பெண்ணின் முகத்தில் அறைந்துவிடுகிறாள். சாக்லேட் கையோடு பதில் அறை வருகிறது. அது நிஜமாகவே வலித்த அறை என்று லூசில் பால் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி: அந்த இடத்தில் தேர்ந்த நகைச்சுவை நடிகை ஒருவர் இருந்திருந்தால் காட்சி மேம்பட்டிருக்குமா, கெட்டிருக்குமா? கெட்டிருக்கும் என்பது என் கட்சி. அவருடைய விரல்கள் சாக்லேட்டில் போடும் சுழியைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செய்து பழகிய கை அது. அந்தக் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் லூசியின் தத்தளிப்பு நமக்குத் தெரிகிறது.

படி 7: சமையலறைப் பக்கத்துக்கு நியாயம் செய்யுங்கள்

பெரும்பாலான ரசிகர்கள் ஆண்களின் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"ரிக்கி சமைக்கிற சீனெல்லாம் சும்மா நேரத்தை ஓட்டறதுக்குத்தான் சார்."

"அதை எடுத்துட்டுப் பாருங்க மேடம், பொம்பளைங்களுக்கு வேலைக்குப் போகத் தெரியாதுன்னு சொல்ற எபிசோடா ஆயிடும்."

இரண்டாமவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நாலு பேருக்குச் சாப்பாடு, ஆளுக்கு ஒரு பவுண்டு அரிசி என்று ரிக்கி கணக்குப் போடுகிறார். ஆளுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ! அரிசி வேகும்போது என்ன ஆகும் என்று தெரிந்த நம் வீடுகளில் இந்தக் கணக்கைக் கேட்டதுமே சிரிப்பு வந்துவிடும். பானை பொங்கி வழியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோழி பிரஷர் குக்கரிலிருந்து கூரைக்குப் பறக்கிறது. தரையில் கொட்டிய சோற்றில் டெசி ஆர்னாஸ் வழுக்கி விழுகிறார். ஃப்ரெட் செய்த ஏழு அடுக்குக் கேக் தட்டையாக வந்து நிற்கிறது.

பெல்ட்டையும் பானையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே ஆபத்துதான்: நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் ஒன்று, அதைத் தடுக்க இரண்டு கை. ஆனால் பெல்ட்டில் அந்த ஆபத்தைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள், சமையலறையில் ஒரே பொங்கலாகப் பொங்கிவிடுகிறது. முன்னது கூடுதலாக நினைவில் நிற்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படி 8: எப்படிப் படமாக்கினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஹாலிவுட்டில் ஒரு படப்பிடிப்பு அரங்கில், நேரடியாகப் பார்வையாளர்களை உட்காரவைத்து, மூன்று கேமராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டு 35 எம்எம் ஃபிலிமில் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட், ஜெர்மனியில் மௌனப் படக் காலத்திலேயே பெரிய பெயர். மூன்று கேமராவுக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவரும்படி மேலிருந்து சீராக வெளிச்சம் போடும் முறையை அவர்தான் வகுத்தார்.

சிபிஎஸ் முதலில் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பத்தான் விரும்பியது. லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்து, செலவு கூடிய ஃபிலிமுக்காகத் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள். பதிலுக்கு அந்தப் படச்சுருள்களின் உரிமை அவர்களுடைய டெசிலு நிறுவனத்துக்குக் கிடைத்தது. எழுபது வருடம் கழித்தும் காட்சி இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அந்த முடிவே காரணம்.

இதைத் தெரிந்துகொண்டு பெல்ட் காட்சியை இன்னொரு முறை கண்ணை மூடிக் கேளுங்கள். சிரிப்பு எங்கே எழுகிறது, எங்கே அடங்குகிறது, நடிகைகள் எங்கே அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று காதிலேயே பிடிக்கலாம். அது அரங்கில் இருந்தவர்களின் சிரிப்பு. லூசில் பாலின் தாயார் டீடீ படப்பிடிப்புகளுக்குத் தவறாமல் வந்து உட்காருவார்; ஆபத்து வரப்போகிறது என்று பதறும் அவருடைய குரலைப் பல எபிசோடுகளில் கண்டுபிடிப்பது ரசிகர்களுக்குத் தனி விளையாட்டு.

எழுத்தாளர்கள் ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேட்லின் பியூ, பாப் கேரல் ஜூனியர். உடம்பால் செய்யும் சேட்டைகள் ஒவ்வொன்றையும் எழுத்துப் பிரதியில் விவரமாக எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். அப்படிப்பட்ட வேலைகளை ஒரு பெண்ணால் செய்ய முடியுமா என்று மேட்லின் பியூ முதலில் தானே செய்து பார்ப்பார். "அங்கேயே தோணினதைச் செஞ்சிருப்பாங்க" என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

படி 9: 1952-ஐப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள்

கடைசியில் நாலு பேரும் அவரவர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள். பெண்ணின் இடம் சமையலறை என்று சொல்லும் எபிசோடா இது? இந்தக் கேள்வி எழும், எழ வேண்டும். "அந்தக் காலம் அப்படி" என்று மூடிவிடாதீர்கள்.

ஆம் என்பவர் முடிவைக் காட்டுவார். இல்லை என்பவர் நடுப்பகுதியைக் காட்டுவார்: வீட்டு வேலை என்பது பயிற்சியும் திறமையும் கேட்கும் வேலை என்று ரிக்கியின் அரிசியே சாட்சி சொல்கிறது. தொழிற்சாலையில் லூசியும் எத்தலும் தோற்றது பெண்கள் என்பதால் அல்ல. அந்தப் பெல்ட்டில் எந்த ஆண் நின்றிருந்தாலும் தோற்றிருப்பான். முடிவு பழைமையானது, நடுவில் இருப்பது அதைவிடப் புத்திசாலித்தனமானது. இதுதான் என் நிலை. ஆனால் சண்டையில் ஓர் ஒழுங்கு வேண்டும்: யார் என்ன சொன்னாலும் எபிசோடில் ஒரு காட்சியைக் கைகாட்டிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைசிப் பரிசையும் மறக்காதீர்கள். சமாதானமாக வரும் கணவர்கள் மனைவிகளுக்கு ஆளுக்கொரு ஐந்து பவுண்டு சாக்லேட் பெட்டி வாங்கி வருகிறார்கள். அன்பாகக் கொண்டுவந்த பொருளே அடியாக விழுகிறது. மனைவிகள் பகலில் என்ன செய்தார்கள் என்று கணவர்கள் விசாரித்திருந்தால் அது நடந்திருக்காது.

படி 10: அடுத்த கூட்டத்துக்கு எபிசோட் எடுங்கள்

கலையும் முன்பே அடுத்ததை முடிவு செய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த கூட்டம் நடக்காது. இந்த எபிசோட் பிடித்தவர்களுக்கு முதலில் 1952 மே 5-இல் வந்த 'லூசி டஸ் எ டிவி கமர்ஷியல்'. சாராயம் கலந்த சத்து டானிக்குக்கு விளம்பர ஒத்திகை பார்த்துப் பார்த்து லூசி தள்ளாடும் எபிசோட். இங்கே பெல்ட் செய்த வேலையை அங்கே ஒரு ஸ்பூன் செய்கிறது. பந்தயம் கட்டும் கதையையே ஒப்பிட வேண்டுமானால் 1952 மார்ச் 31-இல் வந்த 'பயனியர் விமன்'. அடுப்பிலிருந்து ஒரு ரொட்டி வெளியே வரும், வந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி ஒருவர் செய்வதை எதிரில் நிற்பவர் அப்படியே செய்யும் காட்சிக்காக 1955 மே மாதம் வந்த 'லூசி அண்ட் ஹார்போ மார்க்ஸ்'. திராட்சை மிதிக்கும் 'லூசிஸ் இட்டாலியன் மூவி' 1956-இல் வந்தது. அதை மூன்றாவது நான்காவது கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்கள் குழுவுக்குக் கைகளைக் கவனிக்கும் பழக்கம் வந்திருக்கும், தொட்டிக்குள் கால்கள் செய்வது அப்போதுதான் முழுதாகக் கண்ணில் படும்.